குமரவேலின் மேசை

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் ஷோரூமில் சின்னதாக ஒரு கூட்டம் வைத்தார்கள். கேக் வெட்டினோம். விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி மைக்கை என் வாயருகே நீட்டி, "இத்தனை வருஷமா இந்த வேலையில உங்களை ஓட வெச்சது எது மேடம்?" என்று கேட்டாள்.

"உழைப்பும் நேர்மையும்தான் கண்ணு" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

வீடு திரும்பும்போது பேருந்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்னை ஓட வைத்தது குமரவேல் மீது எனக்கிருந்த பொறாமை. மைக்கில் சொல்ல முடியவில்லை, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பி.காம். முடித்த கையோடு அவிநாசி சாலையில் இருந்த கார் ஷோரூம் ஒன்றில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போதெல்லாம் கார் விற்க ஆளே தேவையில்லை. பணம் கட்டிவிட்டு மக்கள் காத்திருப்பார்கள். வண்டி வந்ததும் நாங்கள் போன் செய்வோம், அவ்வளவுதான். தொண்ணூறுகள் பிறந்து நான்கைந்து வருடம் போனதும் எல்லாம் மாறியது. வங்கிகள் கார் கடன் கொடுக்க ஆரம்பித்தன. மோட்டார் பம்பு செய்கிறவர்கள், பனியன் கம்பெனிக்காரர்கள், தோப்பு வைத்திருக்கிறவர்கள் என்று ஷோரூமுக்குள் கூட்டம் வந்தது. குடும்பத்தோடு வந்தார்கள். "லேடீஸ் வந்தா பேச ஒரு லேடி வேணும்" என்று மேலாளர் என்னைத் தொலைபேசி மேசையிலிருந்து எழுப்பி விற்பனைப் பிரிவில் போட்டார். தொலைபேசியையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

பெருமையாகத்தான் இருந்தது, முதல் மாதம் முடியும்வரை. வேலை எப்படிப் பிரிந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது. வீட்டுப் பெண்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சீட்டின் நிறத்தைப் பற்றியும் டிக்கியில் எத்தனை பை வைக்கலாம் என்பதைப் பற்றியும் பேசுவது என் பங்கு. விலையை ஆண்களிடம் பேசி, கையெழுத்து வாங்குவது குமரவேல் பங்கு. விற்பனை அவன் பெயரில் ஏறும். மாதக் கடைசியில் ஊக்கத்தொகையும் அவன் பெயரில்தான் வரும். யார் எவ்வளவு ஊக்கத்தொகை வாங்கினார்கள் என்று எழுத மேலாளர் அறைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் அவன் பெயர் எப்போதும் மேலே இருக்கும். என் பெயர் கீழே இருக்கும், பல மாதம் அதன் எதிரே ஒன்றுமே இருக்காது.

குமரவேல் என்னைவிட இளையவன். காங்கேயத்துப் பக்கம். அப்பாவுக்கு ஒரு எண்ணெய்ச் செக்கு மில்லில் வேலை. படிப்பு பிளஸ் டூவோடு நின்றுபோயிருந்தது. ஆனால் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு யார் வந்தாலும் இரண்டு நிமிடத்தில் அவருக்கு ஒறம்பரை, சொந்தக்காரன் மாதிரி ஆகிவிடுவான். "ஏனுங்க மாமா, நீங்க வெள்ளக்கோயிலா? அங்க ரைஸ்மில் வெச்சிருக்காரே, அவரு உங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்று ஆரம்பிப்பான். மாட்டைப் பற்றிப் பேசுவான், மழையைப் பற்றிப் பேசுவான், தேங்காய் விலையைப் பற்றிப் பேசுவான். காரைப் பற்றி அவர்களாகவே கேட்கும்வரை வாயைத் திறக்கமாட்டான். அப்புறம் ஒரு சிரிப்பு. தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டையைத் திறந்து, ஷோரூம் முழுக்கக் கேட்கும்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கே பாதிப் பேர் அட்வான்ஸ் கட்டிவிடுவார்கள்.

அவனிடம் நான் பொறாமைப்படாத விஷயமே இல்லை. டீக்காரர் உள்ளே வந்தால் முதல் கிளாஸ் அவன் மேசைக்குப் போகும். வாசலோரமாக, வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் அவன் மேசை. தூணுக்குப் பின்னால், தொலைபேசிக்குப் பக்கத்தில் என்னுடையது. வாடிக்கையாளர்கள் என் எதிரில் நின்றுகொண்டு என்னிடமே, "குமரவேல் இல்லீங்களா அம்மணி?" என்று கேட்பார்கள். "நான் சொல்றேனுங்க, உக்காருங்க" என்றால், "இல்லீங்க, அவரு வரட்டுமுங்க" என்று நின்றுகொண்டே இருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சாய்த்து அவன் மாதிரிச் சிரித்துப் பார்த்தேன். அடுப்படியில் இருந்த என் கணவர் பயந்துபோய் ஓடிவந்தார்.

எங்கள் மேலாளர் ஸ்ரீதரன் சென்னைக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் கைக்குட்டையை எடுத்து, பக்கத்தில் எந்தக் கார் நிற்கிறதோ அதன் பானெட்டைத் துடைப்பார். மெதுவாக, வட்டம் வட்டமாக. அவர் துடைக்கத் தொடங்கினால் நாங்கள் எல்லோரும் ஏதாவது வேலை இருப்பதுபோல நகர்ந்துவிடுவோம்.

விலை சொல்வதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். அதைப் புதிதாக வருகிறவர்களுக்கு அவரே நடித்துக் காட்டுவார். முதலில் மைலேஜ் சொல்ல வேண்டும். லிட்டருக்கு இத்தனை என்று சொல்லிவிட்டு அவர்கள் மனக்கணக்குப் போட நேரம் கொடுக்க வேண்டும். அப்புறம் வாங்குகிறவரை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். "அந்தக் கதவுச் சத்தம் காதுல விழணும். விழுந்துட்டா வண்டி அவரோடது" என்பார். வெளியே இறங்கிய பிறகுதான் விலை. கம்பெனி விலை, வரி, பதிவு, காப்பீடு, இவற்றுக்கு நடுவில் மூச்சு விடாமல் "பேக்கேஜ்" என்று ஒரு சொல்லை நுழைத்துவிட்டு, மொத்தத் தொகையைச் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பேக்கேஜில்தான் ஷோரூமின் லாபம் இருந்தது. சீட் கவர், பாட்டுப் பெட்டி, துருப்பிடிக்காமல் இருக்க வண்டிக்கு அடியில் அடிக்கிற கறுப்புப் பூச்சு, கால்மிதி, முன்னால் இரண்டு மஞ்சள் விளக்கு. வெளிக் கடையில் வாங்கினால் பாதி விலைக்குக் கிடைக்கும். இதோடு 'ஹேண்ட்லிங்' என்று தனியாக ஒரு தொகை. எதைக் கையாண்டோம் என்று எங்களுக்கே தெரியாது. எல்லாம் சேர்த்தால் நல்ல கறவை மாடுகள் இரண்டு வாங்கலாம். வேண்டாம் என்று யாராவது சொன்னால், "தாராளமா, ஆனா வெறும் வண்டிக்கு ஆறு மாசம் ஆகும்" என்று சொல்ல வேண்டும். பெட்ரோல் குறைவாகக் குடிக்கிற அந்தப் புதுச் சின்னக் காருக்கு அப்போது அவ்வளவு கிராக்கி. ஜனங்களும் பேசாமல் கட்டிவிட்டுப் போனார்கள்.

ஆனால் வண்டி இருந்தது. சிங்காநல்லூரில் எங்களுக்கு ஒரு யார்டு உண்டு. லாரியில் வரும் வண்டிகளை அங்கேதான் இறக்குவார்கள். எத்தனை இறங்கியது என்று யார்டிலிருந்து போன் வரும். போனை எடுப்பது நான்.

அந்த வருடம் ஆவணி மாதத்தில் ஒரு குடும்பம் வந்தது. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. கணவர் சிவராஜ், முப்பது வயதிருக்கும், பேச்சு குறைவு. மனைவி பூங்கொடி. அவர்களுடைய ஒரே மகள் சுதா, ஐந்து வயது. குழந்தையின் நெஞ்சில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி ஒன்று வார் போட்டுக் கட்டியிருந்தது. அதிலிருந்து இரண்டு ஒயர்கள் காதுக்குப் போயின. பிறவியிலேயே காது கேட்காது. கோயம்புத்தூரில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பேசப் பயிற்சி கொடுக்கும் இடம் ஒன்றில் சேர்த்திருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் கூட்டிவர வேண்டும். பேருந்தில் வந்தால் பொள்ளாச்சி தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துத் துவண்டுவிடுகிறது, பயிற்சி நேரம் முழுக்கத் தூங்கிவிடுகிறது. அதற்காகத்தான் கார்.

"லிட்டருக்கு எத்தனைங்க ஓடும்?" என்று பூங்கொடிதான் கேட்டாள்.

குமரவேல் சிவராஜைப் பார்த்துப் பதில் சொன்னான். அவள் மறுபடியும் கேட்டாள். அவன் மறுபடியும் சிவராஜைப் பார்த்துச் சொன்னான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, எல்லோரும் அப்படித்தான். ஆனால் நான் தூணுக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்தேன். பார்த்து உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். இந்தப் பெண்ணிடம் உன் சிரிப்பு செல்லாது என்று நினைத்துக்கொண்டேன்.

"புஸ்தகத்துல போட்டிருக்கறது எந்த ரோட்டுலீங்க ஓட்டுனது?" என்று கேட்டாள் பூங்கொடி. "எங்க ரோட்டுல லாரி இருக்கும், சந்தை நாள்ல மாட்டு வண்டி இருக்கும். எங்க ரோட்டுல ஓட்டிக் காட்டுங்க. எங்க வீட்டுக்காரரே ஓட்டட்டும்."

மைலேஜ் காட்டுவதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. பட்டறையில் ரஹீம் பாய் என்று ஒரு மெக்கானிக், உக்கடத்துக்காரர். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, பானெட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கம்பி போட்டுக் கட்டி, அதிலிருந்து பெட்ரோல் போகும்படி இணைத்துவிடுவார். பாட்டிலில் சரியாக ஒரு லிட்டர். அது தீர்ந்ததும் வண்டி தானாக நின்றுவிடும். நின்ற இடம்வரை எத்தனை கிலோமீட்டர் என்று மீட்டரைப் பார்த்துக்கொள்ளலாம். வழக்கமாக நீலாம்பூர்ப் பக்கம் காலிச் சாலையில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரே வேகத்தில் குமரவேல் ஓட்டுவான். வருகிற கணக்கு யார் கண்ணுக்கும் அழகாகத்தான் தெரியும்.

அன்றைக்குப் பொள்ளாச்சி சாலை. சிவராஜ் ஓட்ட, பக்கத்தில் குமரவேல். பின்னால் பூங்கொடியும் அவள் மடியில் குழந்தையும், லேடீஸுக்குத் துணையாக நானும். ரஹீம் பாய் பெட்ரோல் கேனோடு மொபெட்டில் தொடர்ந்தார். உக்கடம் நெரிசல், குறிச்சிக் குளம், ஈச்சனாரி என்று போய், ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் வண்டி இரண்டு முறை திணறிவிட்டு ஓரமாக நின்றது. குமரவேல் மீட்டரைப் பார்த்தான். புத்தகத்தில் போட்டிருந்ததைவிட நான்கு கிலோமீட்டர் குறைவு.

ஏதாவது சமாளிப்பான் என்று காத்திருந்தேன். டயரில் காற்று குறைவு, புது இன்ஜின், எதிர்க்காற்று என்று சொல்வதற்கு எங்களுக்குப் பத்துக் காரணங்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"இதானுங்க உங்க ரோட்டுக்கு" என்றான் குமரவேல். இந்த முறை திரும்பி, பூங்கொடியைப் பார்த்துச் சொன்னான். "இதுக்கு மேல வரும்னு நான் சொன்னா அது பொய்யிங்க. இதை வெச்சே கணக்குப் போட்டுக்குங்க."

பூங்கொடி அவன் சொன்னதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாப்பா வாந்தி எடுக்கலீங்க" என்றாள் கணவனிடம். "பாருங்க, வாந்தியே எடுக்கல."

அங்கேயே கார் விற்றுப்போய்விட்டது. எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்லி விற்றாலும் அவன் விற்கிறான், உண்மையைச் சொன்னாலும் அவனே விற்கிறான்.

ஷோரூமுக்குத் திரும்பியதும் குமரவேல் மொத்த விலையைச் சொன்னான், பேக்கேஜோடுதான். சொல்லும்போது அவன் குரலில் வழக்கமான சுருதி இல்லை. சிவராஜின் முகம் சுருங்கியது. அவர்கள் கொண்டுவந்திருந்தது வண்டியின் விலைக்குத்தான் சரியாக இருக்கும். "மேனேஜர்கிட்டப் பேசிட்டு வாரேனுங்க" என்று குமரவேல் உள்ளே போனான். சிவராஜ் வெளியே காற்றாட நின்றார். பூங்கொடி குழந்தையோடு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க அக்கா, இந்தச் சீட் கவரு, பாட்டுப் பெட்டியெல்லாம் வாங்கியே ஆகோணுங்களா?"

நான் தண்ணீர் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எம்பட புள்ளைக்குக் காது கேக்காதுங்க அக்கா. ஏற்கெனவே நெஞ்சுல ஒரு பொட்டியைக் கட்டிக்கிட்டுத் திரியறா. வண்டிக்குள்ள இன்னொரு பொட்டி எதுக்குங்க? அந்தக் காசு இருந்தா ஒரு வருசத்துப் பெட்ரோலுங்க எங்களுக்கு."

இந்த இடத்தில் என் கண் கலங்கியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். கலங்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மேலாளர் எதிரில் நிற்கும் குமரவேலைத்தான் பார்த்தேன். பேக்கேஜ் இல்லாமல் போனால் அவனுக்கு ஊக்கத்தொகை கிடையாது. இந்த மாதம் கரும்பலகையில் அவன் கொஞ்சம் இறங்குவான். அதோடு, வழி சொன்னவள் நான் என்பதால் இவள் என்னிடமே பதிவு செய்தாலும் செய்வாள். முதலில் வந்தது இந்த நினைப்புதான். குழந்தையைப் பற்றிய நினைப்பும் வந்தது, ஆனால் இதற்குப் பின்னால்தான் வந்தது.

"கட்டாயமெல்லாம் இல்லீங்க" என்றேன் மெதுவாக. "ஆறு மாசம் ஆகும்னு சொல்லுவாங்க. பேக்கேஜ் வாங்காததால ஆறு மாசம்னு எழுத்துல குடுங்கன்னு கேளுங்க. குடுக்கமாட்டாங்க, அது கார் கம்பெனிக்குப் போனா இவுங்களுக்குத் தலைவலி. சிங்காநல்லூர் யார்டுல நேத்துதான் வண்டி இறங்கியிருக்குது."

பூங்கொடி என் கையை ஒருமுறை அழுத்தினாள். "நீங்க சொன்னதுன்னு சொல்லமாட்டேனுங்க" என்று எழுந்தாள்.

ஸ்ரீதரன் வெளியே வந்தார். வாடிக்கையாளர்களிடம் அவர் எப்போதும் காட்சிக்கு நிற்கும் காரின் பக்கத்தில் நின்றுதான் பேசுவார். சொல்ல வேண்டியதைச் சொன்னார்: தாராளமா, ஆனா ஆறு மாசம்.

"ஆகட்டுமுங்க சார்" என்றாள் பூங்கொடி. "பேக்கேஜு வாங்காததால ஆறு மாசம்னு ஒரு காயிதத்துல எழுதி, சீல் வெச்சுக் குடுத்துருங்க. நாங்க காத்திருக்கறோம்."

ஸ்ரீதரன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

"சிங்காநல்லூர்ல நிக்கற வண்டியெல்லாம் ஆருக்குன்னும் அதுலயே எழுதிப்போடுங்க சார்."

ஸ்ரீதரன் பானெட்டில் ஒரு வட்டம் துடைத்தார். இன்னொரு வட்டம். அப்புறம் கைக்குட்டையை நான்காக மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, "எழுத்தெல்லாம் எதுக்கும்மா? குழந்தைக்காகன்னு சொல்றீங்க. நான் பேசிப் பாக்கறேன்" என்று அறைக்குள் போனார். யாரிடமோ போனில் பேசுவதுபோல் நின்றுவிட்டு, சிரித்த முகத்தோடு திரும்பினார். "உங்க அதிர்ஷ்டம், ஒரு புக்கிங் கேன்சல் ஆகியிருக்கு."

பூங்கொடி வந்து உட்கார்ந்தது குமரவேலின் மேசையில். சிவராஜ் அங்கேதான் கையெழுத்துப் போட்டார். போகும்போது அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். விற்பனை அவன் பெயரில் ஏறியது.

அன்று மாலை ஸ்ரீதரன் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"யார்டு விஷயம் வெளியில எப்படிப் போச்சு?"

அவர் கேட்டது என்னைப் பார்த்து. யார்டு போனை எடுப்பவள் நான்தானே. வேலை போய்விடும் என்று புரிந்தது. என் கணவர் வேலை பார்த்த மில்லில் அப்போது கதவடைப்பு. வீட்டில் சம்பளம் என்று வந்தது என்னுடையது மட்டும்.

"நாந்தானுங்க சார் சொன்னேன்" என்றான் குமரவேல்.

ஸ்ரீதரன் அவனைப் பார்த்தார். அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கும். "உன் இன்சென்டிவ்வை நீயே கெடுத்துக்கிட்டியா?"

"புள்ளையைப் பாத்தேனுங்க. சொல்லிப்போட்டேன்."

துடைப்பதற்கு அந்த அறையில் கார் இல்லை. ஸ்ரீதரன் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார். மறுநாள் முதல் குமரவேல் சிங்காநல்லூர் யார்டில் வண்டி எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்றும், வாசலோர மேசையில் நான் உட்கார வேண்டும் என்றும் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை.

ஆக, நான் ஆசைப்பட்டதெல்லாம் ஒரே நாளில் கைக்கு வந்தது. வாசலோர மேசை, முதல் டீ, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களின் முதல் பார்வை. வந்தவர்கள் கேட்டார்கள்: "குமரவேல் எங்கீங்க?"

"யார்டுலீங்க" என்று ஒருவரிடம் சொன்னேன். அவர் நேரே சிங்காநல்லூருக்குப் போய்விட்டார். என் வீடும் சிங்காநல்லூர்தான். தினமும் காலையில் என் பேருந்து அந்த யார்டு வாசலைத் தாண்டித்தான் வரும். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். வெயிலில், முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்பான். சுற்றி இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். பேருந்துச் சத்தத்தையும் மீறி அந்தச் சிரிப்பு கேட்கும். தண்டனைக்கு அனுப்பிய இடத்திலும் ஒருவனுக்கு எப்படி ஆட்கள் சேருகிறார்கள்? அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உடுமலைக் குடும்பத்துக்கு வண்டியை யார்டிலேயே ஒப்படைப்பதாக ஏற்பாடு. காகிதங்களை எடுத்துக்கொண்டு நான் போக வேண்டியிருந்தது. அவர்கள் வருவதற்கு முன்பே போய்விட்டேன். குமரவேல் அந்த வண்டியைத் தானே கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க குமரவேல், அன்னைக்கு எதுக்குப் பழியை நீங்க ஏத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். நன்றி சொல்லத்தான் போனேன்; கேள்வி சண்டை போடுகிற மாதிரி வந்துவிட்டது.

அவன் துணியைப் பிழிந்தபடி நின்றான். "அது நான் சொல்லியிருக்க வேண்டியதுங்க அக்கா. ஒத்தக்கால்மண்டபத்துலயே வாய் வரைக்கும் வந்துருச்சு. மாசக் கடைசி, அந்த இன்சென்டிவ் நெனப்பு தடுத்துருச்சு. நீங்க வேலை போனாலும் பரவால்லன்னு சொல்லிப்போட்டீங்க. உங்க மனசு எனக்கு வரலீங்களே. பழியையாவது வாங்கிக்கலாம்னு தோணுச்சு."

என்ன மனசு என்று அவனுக்குச் சொல்லியிருக்கலாம். "உன் பெயர் பலகையில் இறங்க வேண்டும் என்றுதான் சொன்னேன்" என்ற வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் என் மீது அவனுக்கிருந்த மரியாதை போயிருக்கும். குமரவேல் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அந்த ஒரு தடவைதான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"காயிதத்தையெல்லாம் சரி பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர்கள் வந்தார்கள். பூங்கொடி வண்டிக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் அடியில் வைத்தாள். என்னைப் பார்த்ததும் சத்தம் வராமல் உதட்டை அசைத்து "நன்றிங்க அக்கா" என்றாள். மகளிடம் பேசிப் பேசி வந்த பழக்கமாக இருக்க வேண்டும். எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

சிவராஜ் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பெரியவர்கள் எல்லோரும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினோம். குழந்தை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. எதற்காகத் தலையாட்டுகிறோம் என்று அதற்குப் புரியவில்லை. குமரவேல் அதன் எதிரில் குந்தி உட்கார்ந்தான். அதன் கையைப் பிடித்து, விரலை விரித்து, பானெட்டின் மீது உள்ளங்கை படும்படி வைத்தான். குழந்தை சட்டென்று கையை இழுத்துக்கொண்டது. அவனைப் பார்த்தது. மறுபடியும் தானாகவே வைத்தது. அப்புறம் இரண்டு கையையும் வைத்தது, கன்னத்தையும் வைத்தது. வைத்துக்கொண்டு சிரித்தது. தொண்டையிலிருந்து வந்த, அளவு தெரியாத, பெரிய சிரிப்பு. பூங்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பலகையில் ஏறிய தொகைக்காகவும் அந்த மேசைக்காகவும் அதுவரை நான் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு அந்த யார்டில் நின்றபோது பட்டதுதான் பொறாமை. குழந்தையின் கையைப் பிடித்து அங்கே வைக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? எத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தாலும் எனக்குத் தோன்றாது என்று அப்போதே தெரிந்தது.

தோன்றுகிறவற்றை வைத்து வேலை பார்க்கப் பழகிக்கொண்டேன். வருகிற பெண்களை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து அவர்களுக்காகக் கதவைச் சாத்தினேன். விலையை முதலிலேயே சொன்னேன், பேக்கேஜைத் தனியாகச் சொன்னேன். மைலேஜைப் பொள்ளாச்சி சாலையில் காட்டினேன். ஸ்ரீதரன் பல பானெட்டுகளைத் துடைத்தார், ஆனால் பெண்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்ததும் விட்டுவிட்டார். தம் அண்ணியையும் நாத்தனாரையும் கூட்டிவந்தார்கள். பலகையில் என் பெயர் ஏறியது. கடைசியில் ஸ்ரீதரன் இருந்த அறையில் நானே உட்கார்ந்தேன்.

குமரவேல் யார்டிலிருந்து ஷோரூமுக்குத் திரும்பவில்லை. மறு வருடமே விலகி, திருச்சி சாலையில் பழைய கார் வாங்கி விற்கும் தொழிலை ஆரம்பித்தான். பொங்கலுக்குப் பொங்கல் போனில் விசாரிப்பான்.

நான் ஓய்வு பெற்ற செய்தி எப்படியோ அவனுக்கும் எட்டி, போன வாரம் கூப்பிட்டான். குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, சிரிப்பு அப்படியே இருக்கிறது. "அக்கா, எத்தனையோ பேரை வேலைக்கு வெச்சுப் பாத்துட்டேனுங்க. உங்களை மாதிரி ஒரு ஆளு கிடைக்கவே இல்லீங்க. சும்மா இருக்கறதுக்கு நம்ம கடைக்கு வந்து உக்காருங்களேன்" என்றான்.

"பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்ததும் மனதில் முதலில் ஓடியது, அவனுக்குச் சொந்தமாகக் கடை இருக்கிறது என்பதுதான்.